எத்தனையில் எத்தனை என்று கேட்கப் பழக்குவோம்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு 'நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் மழை' என்ற பேச்சு சென்னை முழுவதும் பரவியது. சொன்னவர்கள் அதை நீரியல் கணக்காகச் சொன்னார்கள். கேட்டவர்களில் பலர் ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள்: வந்தது வந்துவிட்டது, இனி பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும் என்று. அந்த ஏரிக்குப் பத்து கிலோமீட்டருக்குள், பூந்தமல்லி–ஆவடி சாலையில் இருக்கிறது திருவள்ளூர் மாவட்டத்துச் சென்னீர்குப்பம். மனைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வேகமாகப் பெருகிவரும் மேற்குப் புறநகரின் ஒரு பகுதி அது. 20 ஆண்டு, 30 ஆண்டு கடனில் இந்தப் பக்கம் வீடு வாங்கும் குடும்பங்கள் அந்த ஆறுதலை நம்பலாமா என்பதற்கு விடை கூற நிபுணர் தேவையில்லை. அது பள்ளிக்கூடக் கணக்கு.

நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றால், எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அப்படிப்பட்ட மழை வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டதால் இந்த ஆண்டு வராது என்று அதற்குப் பொருள் இல்லை. ஓர் ஆண்டு தப்பிப்பதற்கான வாய்ப்பு நூற்றில் 99. தொடர்ந்து 30 ஆண்டுகள் தப்பிப்பதற்கான வாய்ப்பைக் காண 0.99-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.74 வரும். ஆக, 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த மழையைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு மனிதனின் 70 ஆண்டு வாழ்நாளுக்குப் பார்த்தால் பாதியைத் தாண்டிவிடும். 'மூன்று நாணயங்களைச் சுண்டும்போது குறைந்தபட்சம் ஒரு தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன?' என்று பத்தாம் வகுப்பில் கேட்கிறோமே, அதே கணக்குதான் இது. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய லட்சக்கணக்கானோர் நம்மிடையே இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது அவர்களுக்கு ஏன் அது நினைவுக்கு வருவதில்லை?

கணக்கைப் போட்டுப் பார்க்க நாம் அவர்களைப் பழக்கவில்லை, விடையை எடுக்க மட்டுமே பழக்கினோம் என்பது என் பதில். நிகழ்தகவின் தொடக்கக் கணக்குகளை அவசரமில்லாமல், நடக்கக்கூடியவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதி, எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டே போடும் பழக்கம், தமிழ்நாட்டின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டிய குடிமைக் கல்வி. அதை இன்றைய வகுப்பறை தருவதில்லை. இதற்கான பொறுப்பை ஆசிரியர்கள் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பாடத்தை எங்கே வைத்திருக்கிறோம், எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதில் குறை இருக்கிறது.

2018, 2019-இல் வெளிவந்த மாநிலப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவு தனி இயல். அதுவே கடைசி இயல். பத்தாம் வகுப்பில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' எட்டாவது இயல், அதுவும் கடைசி. பதினோராம் வகுப்புக் கணிதத்திலும் நிகழ்தகவு அறிமுகம் கடைசி இயலாகத்தான் நிற்கிறது. கடைசி இயலுக்கு என்ன நேரம் கிடைக்கும் என்பது கணக்கு வாத்தியார் ஒவ்வொருவருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு வாசலில் நிற்கும். வடிவியல் வரைபடத்துக்குப் பயிற்சி பாக்கி இருக்கும். அந்த நெருக்கடியில் நிகழ்தகவு ஒற்றை வரிச் சூத்திரமாகச் சுருங்குகிறது: மேலே சாதகமானவற்றின் எண்ணிக்கை, கீழே மொத்த எண்ணிக்கை, வகுத்தால் விடை. சூத்திரம் சரிதான். ஆனால் நிகழ்தகவில் தவறு நேர்வது பெரும்பாலும் வகுத்தலில் அல்ல, கீழே எழுதும் எண்ணில். மொத்தம் எவை எவை, அவை யாவும் ஒரே அளவு வாய்ப்புடையவையா என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி வராதவருக்குச் சூத்திரத்தால் ஒரு பயனும் இல்லை.

இந்த இரண்டு கேள்விகளில் தடுக்கியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார்: நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழ வாய்ப்பு எவ்வளவு? முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. ஆக மூன்று வழிகள், அவற்றில் இரண்டு சாதகம், விடை மூன்றில் இரண்டு என்றார். சரியான விடை நான்கில் மூன்று. முதலில் தலை விழும் வழி மற்ற ஒவ்வொரு வழியையும்போல் இரு மடங்கு வாய்ப்புடையது என்பதை அவர் தவறவிட்டார். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிஸ், இரண்டு பகடைகளில் கூட்டுத்தொகை 11 விழவும் 12 விழவும் சம வாய்ப்பு என்று நினைத்தார். 5-உம் 6-உம் சேர்ந்தால் 11, 6-உம் 6-உம் சேர்ந்தால் 12, இரண்டும் ஒவ்வொரு வழிதானே என்பது அவர் கணக்கு. முதல் பகடையில் 5, இரண்டாவதில் 6 என்பதும், முதலாவதில் 6, இரண்டாவதில் 5 என்பதும் வெவ்வேறு நிகழ்வுகள். ஆகவே 36-இல் 2 வழிகள் 11-க்கு, ஒரே வழி 12-க்கு. இத்தகைய அறிவாளிகள் இடறிய படியை நம் பிள்ளைகள் ஒரே பாடவேளையில் தாண்டிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது அநீதி. நின்று நிதானமாகப் போட வேண்டிய கணக்குகள் இவை.

அப்படி நிதானமாகப் போட நம் வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: தாயக்கட்டை. பல வீடுகளில் உள்ள பித்தளைக் கட்டைகளில் ஒரு பக்கம் வெறுமையாகவும் மற்ற மூன்று பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகளும் இருக்கும். இரண்டு கட்டைகளை உருட்டினால் நான்கு பெருக்கல் நான்கு, 16 விதமாக விழலாம். அந்தப் பதினாறையும் மாணவர் தம் கையால் எழுத வேண்டும். எழுதினால் தாமாகவே தெரியவரும்: ஒன்று, அதாவது தாயம், விழ இரண்டு வழிகள், இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டாக எண்ணப்பட ஒன்று. கூட்டிப் பார்த்தால் 16 சரியாக வருகிறது. லைப்னிஸ் இடறிய இடம் இங்கே ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிறது. ஐந்து விழ இரண்டு வழி, ஆறு விழ ஒரே வழி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற விதியில் ஆடினால், மறு ஆட்டம் கிடைக்க 16-இல் 6 வாய்ப்பு. சூத்திரம் இதில் கடைசியாக வருகிறது. அதற்கு முன்னால் பட்டியல் போடுதல், வரிசையாக எண்ணுதல், கூட்டிச் சரிபார்த்தல் என்ற மூன்று வேலைகள் முடிந்துவிடுகின்றன. நிகழ்தகவின் அறிவு முழுவதும் அந்த மூன்றில் இருக்கிறது.

அதே கட்டை இன்னொரு பாடத்தையும் கற்றுத்தரும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு என்று கண்டோம். அப்படியானால் எட்டு முறை உருட்டினால் கட்டாயம் விழுந்துவிடுமா? எட்டு முறையும் விழாமலிருக்கும் வாய்ப்பு, எட்டில் ஏழை எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது: ஏறத்தாழ 0.34. மூன்று பேர் ஆடினால் அவர்களில் ஒருவர் எட்டு உருட்டல் முடிந்தும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பது இயல்பே. 'இவ்வளவு நேரம் விழவில்லை, அடுத்தது விழுந்தே தீரும்' என்ற எண்ணம் எவ்வளவு வலுவானது, எவ்வளவு பொய்யானது என்பதைக் கையால் உருட்டிப் பார்த்த பிள்ளை மறக்காது. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒன்பதாவது உருட்டலிலும் வாய்ப்பு எட்டில் ஒன்றே. 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் பெருந்தொகை இழந்தார்கள்.

இந்த எண்ணம் தமிழ்நாட்டில் குடும்பங்களைக் குலைத்திருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். 1968-இல் அரசே தொடங்கிய லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தைக் கைப்பேசிச் சூதாட்டம் பிடித்தது. 2022-இல் நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது; தடைச் சட்டம் இயற்றப்பட்டு, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடை செய்தது. திறனா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நடந்த ஆண்டுகளில், கணக்கு மட்டும் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. இருவர் தலைக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள், நடத்தும் நிறுவனம் 10 ரூபாயைக் கழித்துக்கொண்டு வென்றவருக்கு 190 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம திறனுள்ளவர்கள் என்றால், ஒருவர் 100 ஆட்டம் ஆடும்போது ஏறத்தாழ 50-இல் வெல்வார். கட்டியது 10,000 ரூபாய், வந்தது 9,500. ஆட ஆட இழப்பு நிச்சயமாகிறது. நேற்று விட்டதை இன்று பிடிக்கலாம் என்ற எண்ணத்தை எதிர்க்க, சட்டத்தோடு இந்தப் பெருக்கலும் வேண்டும்.

சூதாடாதவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். முழு உடல் பரிசோதனை விளம்பரங்கள் இல்லாத தெரு இன்று சென்னைப் புறநகரில் இல்லை. நோய் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இப்படி ஒரு கேள்வி வைக்கப்பட்டது. நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. நோய் இல்லாதவர்களில் 5 விழுக்காட்டினருக்குப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும். 60 பேரில் 27 பேர் சொன்ன விடை 95 விழுக்காடு. சரியாகச் சொன்னவர்கள் 11 பேர் மட்டுமே. இதற்குப் பேயீஸ் தேற்றம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; ஆயிரம் பேரை எண்ணினால் போதும். ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர். மீதி 999 பேரில் தவறாகப் பாசிட்டிவ் வருவது ஏறத்தாழ 50 பேருக்கு. பாசிட்டிவ் வந்த 51 பேரில் உண்மையான நோயாளி ஒருவர். வாய்ப்பு 2 விழுக்காடு. இப்படி விழுக்காட்டை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையாகக் கேள்வியை மாற்றிக் கேட்டால் சரியான விடை சொல்வோர் ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்ற நிலையிலிருந்து பாதியை நெருங்குவதை 1995-இல் ஜெர்மானிய உளவியலாளர் கிகரன்சரும் ஹோஃப்ராகேயும் காட்டினார்கள். 'எத்தனையில் எத்தனை?' என்று கேட்டு எண்ணத் தொடங்கும் மூளை தெளிவாக வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

அடுத்த படி, இரண்டு நிகழ்வுகளை எப்போது பெருக்கலாம் என்பது. ஒன்று மற்றொன்றைச் சாராதபோதுதான் நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்று பாடநூல் சொல்கிறது. மாணவர் அதை ஒரு வரி நிபந்தனையாகக் கடந்து போகிறார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தண்ணீர் தரும் இந்த ஏரிகளில் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் வறண்டுபோகப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று கணக்குக்காக வைத்தால், நான்கும் சேர்ந்து வறளப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று பெருக்கிச் சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொன்னால் கவலையே இல்லை. ஆனால் 2019 ஜூனில் நான்கும் ஏறத்தாழ முற்றாகச் சேர்ந்தே வறண்டன. நகரம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. நான்கையும் நிரப்புவது ஒரே வடகிழக்குப் பருவமழை. அது பொய்த்தால் நான்குக்கும் பொய்க்கும், கொட்டினால் நான்குக்கும் கொட்டும். இவை சாரா நிகழ்ச்சிகள் அல்ல. நான்கு ஏரிகள் இருப்பதால் நான்கு மடங்கு பாதுகாப்பு இருப்பதாக நம்புவது இந்தப் பெருக்கல் பிழை. திருவள்ளூர் மாவட்ட மாணவருக்குச் சார்பின்மை என்ற கருத்தை விளக்க இதைவிட நல்ல கணக்கு எந்தப் பகடையிலும் இல்லை.

இந்தப் பிழை நீதிமன்றத்திலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறக்க 8,543-இல் ஒன்று வாய்ப்பு என்றும், இரண்டு குழந்தைகள் இறக்க அதை அதனாலேயே பெருக்கி 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றும் ஒரு மருத்துவர் சாட்சி சொன்னார். 1999-இல் அந்தத் தாய் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஒரே குடும்பத்தில் மரபும் சூழலும் பொதுவாக இருக்கும்போது அந்தப் பெருக்கலுக்கு அடிப்படையே இல்லை என்று அரச புள்ளியியல் சங்கம் 2001-இல் பகிரங்கமாக எழுதியது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்றும் வெளிவந்து, 2003-இல் தண்டனை ரத்தானது. பெருக்கத் தெரிந்தவர்கள் அந்த நீதிமன்றத்தில் இருந்தார்கள். பெருக்கலாமா என்று கேட்டவர் இல்லாமல் போனார். வகுப்பறையில் அந்த ஒரு வரி நிபந்தனையை நின்று பேசுவதன் விலைமதிப்பு இதிலிருந்து தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைப் பார்ப்போம். பாடத்திட்டம் ஏற்கெனவே கனமாக இருக்கிறது, ஒரு கணக்கை ஒரு மணி நேரம் போட எங்கே நேரம் என்பது முதல் மறுப்பு. இது உண்மையான சிரமம். அதனால்தான் புதிய பாடம் எதையும் நான் கேட்கவில்லை. ஒரே மாதிரியான இருபது கணக்குகளை ஓட்டமாகப் போடுவதைவிட ஐந்து கணக்குகளை முழுமையாகப் போடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்; அடுத்த வகுப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. இரண்டாவது மறுப்பு, பகடையும் சீட்டும் வகுப்பறைக்குள் வரலாமா என்பது. சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளிடம் 'முகச் சீட்டு வருவதற்கான நிகழ்தகவு' கேட்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. தாயம் வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் வீட்டு விளையாட்டு அது. பணம் அதில் இல்லை. பொறித்த புள்ளிகளை விரலால் தடவி எண்ணலாம் என்பதால், பூந்தமல்லியில் உள்ள பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பள்ளி மாணவரும் மற்றவர் உதவியின்றி அந்தப் பதினாறையும் எண்ணிவிட முடியும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. கட்டையின் நான்கு பக்கங்கள் ஒழுங்கானவை, உலகம் அப்படி இல்லை. மழையின் வாய்ப்பைப் பட்டியல் போட்டு எண்ண முடியுமா? நூற்றில் ஒன்று என்ற எண்ணே பழைய மழைப் பதிவுகளிலிருந்து எடுத்த மதிப்பீடு. கடல் சூடாகிறது, மழையை உறிஞ்சிய நிலம் சிமென்ட் தரையாகிறது. 2015-க்கு எட்டே ஆண்டுகளில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மறுபடி மூழ்கியது. அப்படியிருக்க, இந்தப் பள்ளிக் கணக்குகள் பொய்யான உறுதியைத் தராதா? சூத்திரமாக மட்டும் கற்றால் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் போட்டுக் கற்ற மாணவர், பதினாறும் சம வாய்ப்புடையவை என்பதே ஓர் அனுமானம் என்று அறிவார். தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்த கட்டையில் அது பொருந்தாது. 200 முறை உருட்டிக் குறித்துவைத்து, தாயம் ஏறத்தாழ 25 முறை விழுகிறதா என்று சோதிக்கலாம். 45 முறை விழுந்தால் கட்டையைச் சந்தேகிக்க வேண்டும். அதே சந்தேகத்தோடுதான் 'நூறாண்டு மழை'யையும் அணுக வேண்டும்: இந்த எண் எந்த ஆண்டுகளின் பதிவிலிருந்து வந்தது? அதற்குப் பின் நிலமும் வானிலையும் மாறவில்லையா? கணக்கு முடிந்த இடத்தில் தொடங்கும் இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு, கணக்கை முழுதாகப் போட்டவருக்கே வரும்.

கணக்குத் தெரிந்தவர்களும் சூதாடித் தோற்கிறார்களே என்பது நான்காவது மறுப்பு. அடிமைத்தனத்தைக் கணக்கால் மட்டும் குணப்படுத்த முடியாது என்பதில் ஐயமில்லை; அதற்கு மருத்துவமும் சட்டமும் துணையும் வேண்டும். ஆனால் முதல் முறை பணம் கட்டுவதற்கு முன் யோசிப்பவருக்கும், பாசிட்டிவ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவருக்கும், மனை வாங்குவதற்கு முன் தயங்குபவருக்கும் ஒரு கேள்வியாவது கைவசம் இருக்கும். தேரில் சென்ற மன்னன் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் கண்ணால் பார்த்துக் கணக்கிட்டுச் சொன்னதையும், எண்ணும் அந்தக் கலையோடு சூதின் நுட்பத்தையும் அவனிடமிருந்து நளன் கற்றதையும் நம் மக்கள் கதையாகக் கேட்டிருக்கிறார்கள். சூதில் நாட்டை இழந்தவன் மீண்டு எழுந்தது எண்ணக் கற்ற பிறகுதான்.

இந்த மண்ணுக்கு இந்தத் துறை அந்நியம் அல்ல. நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கான பங்களிப்புக்காக 2007-இல் ஆபெல் பரிசு பெற்ற சீனிவாச வரதன் 1940-இல் சென்னையில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் படித்தவர். இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியில் அவர் தந்தை பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். மிக அரிதாக நடப்பவை எவ்வளவு அரிது என்று அளக்கும் பெருவிலக்கக் கோட்பாட்டை ஒழுங்குபடுத்தித் தந்தது வரதனின் சாதனை. அரிதானதைப் பற்றிய கணிதத்தை உலகுக்குத் தந்தவர் பிறந்த நகரத்தில், அரிதான மழை என்றால் என்ன என்று மக்களுக்குப் புரியாமல் இருப்பது ஏற்கத்தக்கதல்ல.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்டிருக்கிறது. மனப்பாடத்தை விட்டுப் புரிதலுக்கு நகர வேண்டும் என்று எல்லோரும் பேசும் இந்த நேரத்தில் மூன்று மாற்றங்களைக் கேட்கிறேன். முதலாவது, ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புகளில் நிகழ்தகவைக் கடைசியிலிருந்து எடுத்து, பருவமழைக்கு முன்பான செப்டம்பர் மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, பொதுத்தேர்வில் விடைக்குப் பாதி மதிப்பெண்ணும், நடக்கக்கூடியவற்றைப் பட்டியலிட்டதற்கும் அனுமானத்தை ஒரு வரியில் எழுதியதற்கும் மீதிப் பாதியும் தர வேண்டும். எதற்கு மதிப்பெண் உண்டோ அதுவே நம் வகுப்பறையில் கற்பிக்கப்படும். மூன்றாவது, உள்ளூர்க் கணக்குகள் வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. கடந்த 20 ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகளில் டிசம்பர் முதல் தேதியன்று செம்பரம்பாக்கம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது என்று சென்னீர்குப்பத்துப் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி ஆழமும் கொண்ட அந்த ஏரியைப் பற்றிய செய்தி அவர்களுக்கு அப்போது வெறும் எண்ணாக இருக்காது.

அரசுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. வெள்ள அபாயத்தை 'நூறாண்டுக்கு ஒருமுறை' என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டு, 'இந்தப் பகுதியில் 30 ஆண்டுகள் குடியிருக்கும் 100 வீடுகளில் இத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வரலாம்' என்று தெருவாரியாகச் சொல்லும் மொழிக்கு நீர்வளத் துறையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாற வேண்டும். மனைக்கு அனுமதி தரும்போது அந்த எண் பத்திரத்தோடு வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். அப்படி ஓர் எண்ணைத் தரும்படி அதிகாரிகளைக் கேட்கவும், தந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவும் தெரிந்த மக்கள் வேண்டும். அந்த மக்களை உருவாக்கும் வேலை ஒன்பதாம் வகுப்பில், பதினாறு வழிகளையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லும் ஒரு கணக்கில் தொடங்குகிறது. அதற்கு ஆகும் செலவு இரண்டு பித்தளைக் கட்டைகளும் நாலைந்து பாடவேளைகளும். அவற்றைக் கொடுக்க மறுப்பதற்கு நம்மிடம் நியாயமான காரணம் ஒன்றும் இல்லை.